கும்பினி கையில் காசில்லாத நாட்கள்

புதுச்சேரியில் "கும்பினி" என்றால் எங்கள் தலைமுறைக்கு ஒரே பொருள்தான். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் 1664இல் தொடங்கி வைத்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் அது கும்பினிதான்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் பாடப் புத்தகத்தில் கோல்பேர் மேதை, துய்ப்ளெக்ஸ் மாவீரர், பிரான்சுவா மர்த்தேன் நம் ஊரை உருவாக்கியவர். இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கும்பினி தன் வாழ்நாளில் பெரும்பகுதி கடனிலேயே காலம் தள்ளியது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அதற்குச் சரக்குக் கொடுத்த தமிழ் வர்த்தகர்கள் என்ன பாடுபட்டார்கள் என்ற பேச்சும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் பொறுமையாகப் படித்தேன். அரசாங்கக் குமாஸ்தாவாக வேலை பார்த்தவனுக்குப் போர்க் கதையைவிடப் பாக்கிக் கதைதான் சீக்கிரம் புரிகிறது.

முதலில் வியாபாரம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். கும்பினி இங்கே வாங்கியது பெரும்பாலும் துணி. அதை நெய்தவர்கள் முத்தியால்பேட்டை போன்ற பக்கத்து இடங்களிலும், உடையார்பாளையம், லாலாப்பேட்டை, சேலம் என்று தூரத்து ஊர்களிலும் இருந்தார்கள். கும்பினி நெசவாளியிடம் நேரே போகாது. "கும்பினி வர்த்தகர்" என்று சிலரோடு ஒப்பந்தம் போடும். இன்ன ரகம், இன்ன நீள அகலம், இத்தனை கட்டு, இன்ன தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்தாகும். வர்த்தகர்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பி நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். நெய்த துணியைக் கிடங்குக்குக் கொண்டு வந்தால் அங்கே கும்பினி ஆட்கள் மடிப்பைப் பிரித்துத் தரம் பார்த்து, பிடிக்காததைத் தள்ளிவிடுவார்கள். தள்ளின துணி வர்த்தகர் தலையில். இவர்களுக்கு மேலே தரகர் என்று ஒருவர். பிரெஞ்சில் குர்த்தியே. துபாஷ் என்று ஊரார் சொல்வதும் இவரைத்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு உயிர்நாடி முன்பணம். பிரான்சிலிருந்து கப்பலில் வெள்ளி வரும். அதை நாணயமாக்கி வர்த்தகருக்கு முன்பணம் கொடுப்பார்கள். (புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமை, கவர்னர் துமா காலத்தில் 1736இல்தான் கிடைத்தது.) வெள்ளி மேலிருந்து கீழே இறங்கும், துணி கீழிருந்து மேலே ஏறும். பணம் முதலில், சரக்கு பிறகு. இந்த வரிசை இருக்கும் வரை நஷ்டத்துக்குப் பயப்பட வேண்டியவன் கும்பினிக்காரன்.

கப்பல் வராத வருஷம் என்ன ஆகும்? அங்கேதான் வரிசை தலைகீழாகிறது. கும்பினி கூப்பிட்டுச் சொல்லும்: "நீங்கள் சரக்கை எடுத்துக் கொடுங்கள், அடுத்த கப்பலில் பணம் வந்ததும் தருகிறோம்." வர்த்தகர் தன் சொந்தப் பணத்தையோ, வட்டிக்கு வாங்கிய பணத்தையோ நெசவாளியிடம் கொடுக்க வேண்டும். அதாவது, அதுவரை கடன் வாங்கியவன் அன்றிலிருந்து கடன் கொடுத்தவன் ஆகிறான். ஒப்பந்தக் காகிதத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஆபத்து மட்டும் மேசையின் இந்தப் பக்கத்துக்கு வந்துவிடும். நான் சொல்ல வந்த விஷயம் இந்த ஒன்றுதான்.

கும்பினிக்கு அப்படிப்பட்ட வருஷங்கள் நிறைய வந்தன. பிரான்ஸ் அரசே 1686இல் அச்சடித்த இந்தியத் துணிக்கு அங்கே தடை போட்டது. 1693இல் ஒல்லாந்தர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். 1697 ரிஸ்விக் உடன்படிக்கைப்படி அதைத் திருப்பிக் கொடுக்க 1699 ஆயிற்று. அடுத்து 1701இல் ஸ்பெயின் வாரிசுப் போர். கடலில் கப்பல் போவதே அரிதாயிற்று. சூரத்தில் கும்பினி வாங்கியிருந்த கடன் வட்டியோடு மலையாய் வளர்ந்தது.

பணமில்லாத கும்பினி கடைசியில் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே சொத்தை வாடகைக்கு விட்டது. அதுதான் அரசர் கொடுத்த ஏகபோக உரிமை. கப்பலும் முதலும் சேன் மாலோ துறைமுகத்து வணிகர்களுடையது. பெயரும் உரிமையும் கும்பினியுடையது. விற்பனையில் கும்பினிக்கு ஒரு பங்கு. ஒருவர் பெயரின் நிழலில் இன்னொருவர் தொழில். ஆனால் நிழல் கொடுக்கும் குடையே ஓட்டையாக இருந்தது. சேன் மாலோ கப்பல்கள் சூரத் பக்கம் போகவே தயங்கின. கடன் கொடுத்த சூரத் வியாபாரிகளுக்கு இது யார் முதல் போட்ட கப்பல் என்பதில் அக்கறை இல்லை. கொடி பிரெஞ்சுக் கொடி. பாக்கி பிரெஞ்சுக் கும்பினி பாக்கி. பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது? பெயரை இரவல் வாங்கியவன் அந்தப் பெயரின் கடனையும் சேர்த்து இரவல் வாங்கினான்.

இந்த நெருக்கடிக் காலத்தில் புதுச்சேரியில் தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. ஆனந்தரங்கப் பிள்ளைக்குத் தாய்மாமன் முறை. கும்பினியின் வார்த்தையை நம்பிச் சரக்குக் கொடுக்க ஆள் இல்லாத நாட்களில், நயினியப்பரின் வார்த்தையை நம்பிக் கொடுக்க ஆள் இருந்தது. வெளியூர் வர்த்தகர்களையும் இங்கே கூட்டி வந்தார். ஆனந்தரங்கரின் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை சென்னைப் பெரம்பூரிலிருந்து இங்கு வந்தது அந்தத் தொடர்பில்தான்.

அவருக்குக் கிடைத்த கூலி என்ன? 1716 பிப்ரவரியில் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. விசாரணை நடந்தது பிரெஞ்சிலும் போர்த்துகீசியத்திலும். தமிழ் பேசுகிற மனிதரை, தமிழ் பேசுகிற ஊரில், தமிழில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, பெருந்தொகை அபராதம், சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே இறந்துபோனார். மதம், பொறாமை, கவர்னரின் சொந்தப் பேராசை என்று இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கலாம். கணக்குப் பிள்ளை கண்ணோடு பார்க்கிற எனக்குத் தோன்றுவது: நிறுவனம் தள்ளாடும்போது, அதைத் தன் தோளில் தாங்குகிறவன்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறான். அடி அவன்மேல் விழுகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நயினியப்பரின் பிள்ளைகள் விடவில்லை. மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். சேன் மாலோ வணிகர்களும் அவர்களுக்காகப் பேசினார்கள். நியாய உணர்ச்சி ஒரு பக்கம், துணி வராவிட்டால் கப்பல் காலியாகப் போகுமே என்ற கவலை இன்னொரு பக்கம். எபேர் பதவி இழந்தார். தீர்ப்பு ரத்தாகி நயினியப்பரின் பெயர் துடைக்கப்பட்டது. மகன் குருவப்பர் பாரீசுக்கே போனார். ஞானஸ்நானம் பெற்று, ஓர்லேயான் கோமகனை ஞானத் தகப்பனாகக் கொண்டு, சேன் மிஷேல் வீரர் பட்டத்தோடு திரும்பி வந்து 1722இல் தகப்பன் இருந்த பதவியில் உட்கார்ந்தார். இரண்டே வருஷத்தில் அவரும் காலமானார்.

இதற்கிடையில் பாரீசில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1719இல் பழைய கும்பினியைக் கடனோடு சேர்த்து விழுங்கிப் புதுக் கும்பினி ஆக்கினார். 500 லீவ்ர் பங்கு ஒரே வருஷத்துக்குள் பத்தாயிரத்தைத் தொட்டது. 1720 முடிவதற்குள் எல்லாம் நொறுங்கி லா நாட்டை விட்டே ஓடினார். (நம் லாஸ்பேட்டைக்குப் பெயர் கொடுத்த கவர்னர் லா தெ லொரிஸ்தோன், இவருடைய தம்பி மகன்தான்.) ஆனாலும் கும்பினி பிழைத்தது. கவர்னர் லெனுவார் பழைய பாக்கிகளைத் தீர்த்தார். வர்த்தகர்கள் திரும்பி வந்தார்கள். 1730களில் புதுச்சேரி செழித்தது. நம்பிக்கையை மீட்க லெனுவார் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்.

துய்ப்ளெக்ஸ் காலத்தில் பழையபடி ஆயிற்று. 1743இல் பாரீசிலிருந்து உத்தரவு: செலவைப் பாதியாகக் குறை, கோட்டை வேலையை நிறுத்து. அவர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கடற்கரை மதிலைக் கட்டி முடித்தார். பிறகு வந்த கர்நாடகப் போர்களுக்கும் தன் பணம், தன்னை நம்பியவர்கள் பணம் என்று கொட்டினார். 1754 ஆகஸ்டில் கொதே வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டபோது இந்தக் கணக்கை ஏற்க மறுத்தார். கும்பினி சொன்னது: போர் செய் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே. துய்ப்ளெக்ஸ் ஒன்பது வருஷம் வழக்காடி 1763இல் வறுமையில் இறந்தார். கவர்னர் ஜெனரலுக்கே இந்தக் கதி என்றால், அவரை நம்பிக் கடன் கொடுத்த உள்ளூர்க்காரர் யாரிடம் போய்க் கேட்பார்? கடிதம் பிரான்ஸ் போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல். பதில் வர இன்னொரு ஆறு மாதம்.

1758இல் வந்த லல்லியிடம் படையிருந்தது, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. தஞ்சை ராஜா எப்போதோ எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கே படையெடுத்தார். வழியில் கீவளூரில் புதையல் தேடிக் குளத்தைக்கூட விடவில்லை. கையில் ஒன்றும் சிக்காமல் திரும்பினார். 1759இல் சம்பளப் பாக்கிக்காகப் பிரெஞ்சுச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1761 ஜனவரி 12ஆம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். நாலு நாள் கழித்து, 16ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1769 ஆகஸ்டில் கும்பினியின் ஏகபோகமும் நிறுத்தப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் நம் வர்த்தகர்களும் நெசவாளிகளும் வெறும் அப்பாவிகளாக இருக்கவில்லை. முன்பணம் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். விலை கூட்டிக் கேட்டார்கள். கூட்டாகப் பேசினார்கள். எல்லை மீறினால் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விடுவோம் என்றார்கள். சில சமயம் போயும் காட்டினார்கள். பக்கத்திலேயே கடலூரிலும் சென்னையிலும் ஆங்கிலேயன் இருந்ததால் அந்த மிரட்டலுக்கு மதிப்பிருந்தது. அவர்களுக்கு நீதிமன்றத்தைவிட வலுவான ஆயுதம் அதுதான்.

இது பழங்கதை இல்லை. என் தங்கை மகன் இங்கிலாந்தில் ஒப்பந்த முறையில் வேலை பார்க்கிறான். வேலை ஓரிடத்தில். சம்பளம் நடுவில் உள்ள ஒரு கம்பெனி மூலம். அதற்கு அங்கே "அம்ப்ரெல்லா கம்பெனி" என்றே பெயராம். வேலை கொடுத்தவர் அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுத்தாயிற்று. அது நொடித்துப்போனால் இவன் வேலை செய்த மாதம் என்னாவது? இங்கேயும் பார்த்திருக்கிறேன். பெரிய ஒப்பந்தக்காரரின் பில் அரசாங்கத்தில் பாஸாகிவிடும். மார்ச் 31க்குள் பணமும் போய்விடும். அவருக்குக் கீழே ஜல்லி அடித்தவரும் கம்பி கட்டியவரும் மே மாதம் எங்கள் வாசலில் நின்று, "பில் பாஸாயிடுச்சா சார்?" என்று கேட்பார்கள். பாஸானது என்று சொல்வதைத் தவிர எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

நல்ல வேளையாக, சட்டம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது. பிரான்சில் இந்த நடுக் கம்பெனி முறைக்குப் "போர்த்தாழ் சலாரியால்" என்று பெயர். அங்கே 2015 முதல், ஆட்களின் சம்பளத்துக்காக அப்படிப்பட்ட கம்பெனி நிதி உத்தரவாதம் வைத்திருந்தே ஆக வேண்டும். ஆனால் சட்டம் இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கம்பெனியின் பெயர் எவ்வளவு பெரியது, கட்டடம் எத்தனை மாடி என்று பார்க்காதீர்கள். இன்றைய தேதியில் யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மாத உழைப்பு கொடுத்தாகிவிட்டது, பணம் வரவில்லை என்றால் கடன் கொடுத்தவர் நீங்கள். இரண்டாவது மாதமும் "அடுத்த கப்பல் வரட்டும்" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள், உங்களைப் போன்ற மற்றவர்களோடு சேர்ந்து கேளுங்கள், மூன்றாவது மாதச் சரக்கைக் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். முத்தியால்பேட்டைத் தறிக்காரருக்கு முன்னூறு வருஷத்துக்கு முன்பே இது தெரிந்திருந்தது.