வங்கி வாசலில் நிற்கும் நீளத் துப்பாக்கி

ஹைதராபாத்தில் அபிட்ஸ் பக்கம் 'கன் ஃபவுண்ட்ரி' என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பெயரைக் கேட்டு முழிப்பார்கள். நிஜாமின் படையில் இருந்த பிரெஞ்சுத் தளபதி ரேமண்ட் 1795-ல் அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறை வைத்தார். 1798-ல் ரேமண்ட் இறந்தார். அதே வருடம் நிஜாம் கும்பினியோடு ஒப்பந்தம் போட்டதும் பிரெஞ்சுப் படையின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பட்டறை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அதே கன் ஃபவுண்ட்ரியில்தான் ஸ்டேட் பேங்க் ஆஃப் ஹைதராபாத்தின் தலைமை அலுவலகம் இருந்தது (2017 ஏப்ரல் 1-ல் அந்த வங்கி ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது). பீரங்கிப் பட்டறை இருந்த இடத்தில் ஒரு வங்கி!

வங்கிக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. போவன்பள்ளியில் எந்த வங்கி வாசலிலும் ஒரு காவலர், கையில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். கன்டோன்மென்ட் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ராணுவத்தினர். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டிவியில வர்ற போலீஸ் துப்பாக்கியெல்லாம் குட்டியா இருக்கே, இது ஏன் இவ்ளோ நீளம்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனால் 1857 வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. நான் பி.காம். ஆசாமி, மெக்கானிக்கல் படித்தவனல்ல. ஆனாலும் இருபது வருடமாக கேஷோடும் காவலர்களோடும் இருப்பதால் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை உண்டு.

முதலில் '12 போர்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், ஒரு உருண்டை சரியாக நுழைகிற குழல் 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ரைஃபிளின் குழலுக்குள் திருகு போலப் பள்ளங்கள் வெட்டியிருக்கும், தோட்டா சுழன்றுகொண்டே நேராகப் போகும். இதில் பள்ளம் கிடையாது, உள்ளே வழவழப்பு. ஒரு தோட்டாவில் பல குண்டுகள், வெளியே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். தூரம் போகப் போகப் பலம் குறையும்.

இந்த வழவழப்புக் குழல் நம் நாட்டுக் காவலர் கைக்கு வந்ததற்கு ஒரு அரசியல் காரணமும் உண்டு. 1857 கலகத்துக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கு என்ஃபீல்டு துப்பாக்கி கொடுக்கும்போது குழலின் உள்பள்ளங்களைக் கடைந்து எடுத்துவிட்டுத்தான் வெள்ளையர்கள் கொடுத்தார்கள். பார்வைக்கு அதே துப்பாக்கிதான். ஆனால் வெள்ளைச் சிப்பாயின் ரைஃபிள் எட்டுகிற தூரத்துக்கு இது குறி தவறாமல் எட்டாது. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள்களை .410 அளவு வழவழப்புக் குழலாக மாற்றியது. தோட்டா வைக்கும் பெட்டியையும் கட்டை வைத்து அடைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா என்று ஆக்கி, போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தது. அதற்கான தோட்டாவும் கடையில் கிடைக்கிற .410 அல்ல, தனி அளவு. அதாவது துப்பாக்கி திருடு போனாலும், காவலரே மனம் மாறினாலும், பெரிய ஆபத்து வரக் கூடாது. ஆயுதம் கொடுக்கும்போதே அவநம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

குழல் வழவழப்பானதற்குக் காரணம் அது. நீளத்துக்குக் காரணம் வேறு. நம் வாசலில் நிற்கும் இரட்டைக் குழல் உண்மையில் பறவை வேட்டைத் துப்பாக்கி. கரி மருந்து காலத்தில் மருந்து முழுசாக எரிந்து தள்ள நீளமான குழல் தேவைப்பட்டது. பறக்கிற கொக்கைத் தொடர்ந்து சீராகக் குறி நகர்த்தவும் நீளம் உதவும். அதனால் 28, 30 அங்குலக் குழல் வழக்கமானது. புகையில்லா மருந்து வந்த பிறகு அந்த நீளத்துக்குப் பெரிய அவசியமில்லை. குண்டு எவ்வளவு பரவும் என்பதைக் குழலின் நீளத்தைவிட அதன் வாய் எவ்வளவு நெருக்கிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. வேட்டை போனாலும் வேட்டைத் துப்பாக்கி போகவில்லை, வங்கி வாசலுக்கு வந்துவிட்டது.

இது தவிர சட்டத்தில் ஒரு வரி உண்டு. நம் ஆயுத விதிகளின் அட்டவணைப்படி, 20 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள வழவழப்புத் துப்பாக்கி முதல் வகையைச் சேர்ந்தது. சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. குட்டையாக அறுத்த துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைக்கலாம் என்பதுதான் பயம். பயம் சரிதான். ஆனால் அந்த 20 அங்குலத்துக்குப் பின்னால் பொறியும் கட்டையும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி என்ன நீளம் வரும்? 30 அங்குலக் குழல் இரட்டைத் துப்பாக்கி சுமார் 45 அங்குலம், நாலடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கேஷ் வேனுக்குள் இரண்டு டிரங்குப் பெட்டி, மூன்று ஆட்கள், அவர்களோடு இந்த நாலடி. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வாய் கூரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வருவார்கள். வேன் கதவு திறந்ததும் திருப்பி நீட்டுவதற்குள் முனை எங்காவது இடிக்கும்.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை இருந்தது. 1852-ல் தொடங்கிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் குதிரை வண்டியில் தங்கம் அனுப்பியபோது, வண்டிக்காரர் பக்கத்தில் குட்டையான இரட்டைக் குழலோடு ஒரு காவலரை உட்கார வைத்தது. பிறகு பம்ப் துப்பாக்கி வந்தது. குழலுக்கு அடியில் ஒரு குழாய், அதில் வரிசையாகத் தோட்டாக்கள். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்தது உள்ளே போகும். பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 இதில் புகழ்பெற்றது. நம் ஆர்டனன்ஸ் தொழிற்சாலைகளும் 12 போர் பம்ப் துப்பாக்கி செய்திருக்கின்றன. ஆனால் நீளத்தைப் பொறுத்தவரை பம்ப் ஒரு படி மோசம். இரட்டைக் குழலில் குழலின் அடியிலேயே மடக்கித் தோட்டா போடுகிறோம். பம்ப்பில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே பொறிப்பெட்டி ஒன்று வந்து சில அங்குலங்களைத் தின்றுவிடும்.

அங்கேதான் 'புல்பப்' என்ற யோசனை. தோளில் வைக்கிற கட்டை வெறும் மரம்தானே, அதற்குள்ளேயே பொறியைத் தள்ளிவிட்டால்? விசை முன்னால், பொறி பின்னால். குழலைக் குறைக்காமலேயே மொத்த நீளம் ஒரு அடிக்கு மேல் குறையும். ரைஃபிளில் இது பழைய விஷயம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், இஸ்ரேலின் டவோர் எல்லாம் இந்த வகை. டவோர் நம் சிறப்புப் படைகளிடமும் உண்டு. ஷாட்கன்னில் முதலில் செய்து பார்த்தவர் ஆல்ஃபிரட் கிரவுச் என்ற கலிஃபோர்னியா போலீஸ்காரர். 1960களில் ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம் அதை மாடல் 10 என்று விற்றது. அது தானியங்கி. கூடு வலப்பக்கம் தெறிப்பதால் இடத்தோளில் வைத்துச் சுட முடியாது, முகத்தில் அடிக்கும். 1980களில் மாஸ்பெர்க் தன் சாதாரண பம்ப்புக்கே பிளாஸ்டிக் சட்டை மாட்டி புல்பப் ஆக்கியது. அதுவும் நிலைக்கவில்லை.

2011-ல் அமெரிக்காவின் கெல்டெக் நிறுவனம் கே.எஸ்.ஜி. என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குழல் 18.5 அங்குலம், மொத்தமே 26.1 அங்குலம். இந்த எண்களைக் கவனியுங்கள். அமெரிக்காவின் 1934 சட்டப்படி ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. சட்டத்தின் விளிம்பில் டேப் வைத்து அளந்து செய்தது போல இல்லை? எங்கள் ஊர் வரி ஆலோசகர்கள் தோற்றார்கள் :-) குழலுக்கு அடியில் இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 7 தோட்டா. வெற்று எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதாவது நம் இரட்டைக் குழல் அளவுதான். கூடு கீழே விழுவதால் இடக்கைக்காரருக்கும் தொல்லை இல்லை. நம் விதிப்படி 20 அங்குலக் குழல் வைத்து இதே முறையில் செய்தால்கூட மொத்தம் 28 அங்குலம் போலத்தான் வரும். கேஷ் வேனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அப்படியானால் உடனே மாற்ற வேண்டியதுதானே? பேலன்ஸ் ஷீட்டின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம்.

ஒன்று, பம்ப் பிடிக்கிற கை குழல் வாய்க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பதற்றத்தில் கை வழுக்கினால் விரல் குழல் வாய்க்கு முன்னால்.

இரண்டு, முழு நீளத்துக்கு இழுத்துத் தள்ள வேண்டும். பாதி இழுத்தால் கூடு சிக்கிக்கொள்ளும். பயந்த மனிதன் பாதிதான் இழுப்பான். இது எல்லா பம்ப்புக்கும் உள்ள வியாதி. ஆனால் புல்பப்பில் சிக்கிய இடம் அக்குளுக்குக் கீழே இருக்கிறது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கித் திருப்பினால்தான் கண்ணுக்குத் தெரியும். தோட்டா நிரப்புவதும் அதே இடத்தில்தான்.

மூன்று, இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரு மாற்று நெம்பு. ஒரு குழாய் தீர்ந்தால் கையால் மாற்ற வேண்டும். மறந்தால் விசையை அழுத்தும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும்.

நான்கு, விசைக்கும் பொறிக்கும் நடுவே நீளக் கம்பி. அதனால் விசை அழுத்தம் அவ்வளவு துல்லியமாக இருக்காது. வெடிப்பு நடக்கிற இடமும் கன்னத்தை ஒட்டியே இருக்கிறது.

இப்போது அந்தக் கிழட்டு இரட்டைக் குழலைப் பாருங்கள். மடக்கினால் இரண்டு தோட்டா இருக்கிறதா இல்லையா என்று ஒரு அடி தள்ளி நிற்கிற மேனேஜருக்கே தெரியும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஒரு தோட்டா வெடிக்காமல் போனால், இன்னொரு குழல் இருக்கிறது. கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, மறந்துபோகவும் அதிகம் இல்லை. இரண்டே தடவைதான் சுடலாம் என்பது குறைதான். ஆனால் அறுபது பேர் டோக்கனோடு நிற்கும் கிளைக்குள், எல்.ஜி. தோட்டா ஒன்றில் 6 பெரிய குண்டுகள். ஒவ்வொன்றும் போய் எதிலாவது பட வேண்டும். அங்கே 14 தோட்டா இருப்பது வரவா செலவா?

ஆகவே என் கணக்கு இதுதான். கிளை வாசலுக்கு இரட்டைக் குழல் போதும். வேனுக்குள் நீளம் நிஜமான ஆபத்து, அங்கே குட்டைத் துப்பாக்கிக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நீளத்தைக் குறைக்கக் குறைக்க, அந்தக் குறைந்த அங்குலங்களுக்கான விலையைப் பயிற்சியாகக் கட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான தடவை இழுத்துத் தள்ளிப் பழகிய கைக்குத்தான் கே.எஸ்.ஜி. போன்றது பயன்படும். வருடத்துக்கு ஒரு தடவை சில தோட்டா சுடும் கைக்கு அது இரட்டைக் குழலைவிட ஆபத்து.

இந்த விலையை யார் கட்டுகிறார்கள்? தனியார் காவல் வேலைக்குப் பலர் சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கியோடு வருகிறார்கள். எந்தத் துப்பாக்கி என்பதை முடிவு செய்வது அவருடைய பர்ஸ். பயிற்சித் தோட்டாவும் அவர் கணக்கிலேயே விழுந்தால் அவர் ஏன் சுட்டுப் பழகுவார்? 2018-ல் மத்திய அரசு பண வேன்களுக்கு விதி போட்டது. ஒரு வேனுக்கு இரண்டு ஆயுதக் காவலர், ஒரு தடவையில் 5 கோடிக்கு மேல் கூடாது, நகரங்களில் இரவு 9 மணிக்கு மேல் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. நல்ல விதிகள். 2025 ஜனவரி 16 அன்று பட்டப்பகலில் பீதரில் ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவந்தவர்கள்மேல் பைக்கில் வந்த இருவர் சுட்டார்கள். ஒரு ஊழியர் செத்தார். அவர்கள் பணத்தோடு நம் ஹைதராபாத் அஃப்சல்கஞ்சுக்கே வந்து இன்னொருவரையும் சுட்டார்கள். பெட்டியில் இருந்த பணத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். வேனில் போகிறவர் வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படிக் கணக்கு முடியாது.

1858-ல் காவலரை நம்பாமல் குழலைக் கடைந்தார்கள். இன்று அவரை நம்பித்தான் பெட்டியை ஏற்றுகிறோம். ஆனால் அவர் கையில் இருப்பது இன்னும் கொக்கு சுடும் துப்பாக்கி, பையில் இருப்பது எண்ணிக் கொடுத்த தோட்டா. எந்த மாடல் வாங்கலாம் என்ற விவாதத்துக்கு முன்னால், வருடத்துக்கு ஒரு காவலருக்கு எத்தனை பயிற்சித் தோட்டா, அதை யார் செலவில் என்று ஒரு வரி பட்ஜெட்டில் வர வேண்டும். கிளைத் தணிக்கையில் சாவிக்கொத்து, ரிஜிஸ்டர், தீயணைப்பான் எல்லாம் சரிபார்க்கிறோம். அந்த வரியையும் சரிபார்த்தால் புண்ணியமாகப் போகும்.