கொதித்த சாறும் இரு குருக்களும்

அழுகும் இறைச்சியில் புழு தானே பிறக்கிறது என்பது அறிஞரும் பாமரரும் நெடுங்காலம் ஒருங்கே நம்பிய செய்தி. தூய அகுஸ்தினாரும் தூய தாமஸ் அக்குவினாசும் கூட அதனை மறுத்தாரில்லை. 1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியை மெல்லிய துணியால் மூடிவைத்து, ஈ இடும் முட்டையே புழுவாகிறது என மெய்ப்பித்தார். ஆயினும் நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் சிற்றுயிர்களைப் பற்றிய ஐயம் எஞ்சி நின்றது.

அவ்வையத்தின்மேல் எதிரெதிராய் நின்று வாதாடிய இருவரும் கத்தோலிக்கக் குருக்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆங்கிலேயரான ஜான் டர்பர்வில் நீடம், சூடாக்கிய ஆட்டிறைச்சிச் சாற்றைக் குப்பியிலிட்டுத் தக்கையால் அடைத்தார். சில நாள்களில் அதில் சிற்றுயிர்கள் மொய்த்தன. பொருளினுள் உறையும் ஒருவகை வளர்ப்பாற்றலே அவற்றைத் தோற்றுவிக்கிறது என 1748-இல் எழுதினார். இத்தாலியரான லாசரோ ஸ்பலன்சானிக்கோ அந்தத் தக்கையின்மேல் நம்பிக்கை இல்லை. குப்பியின் கழுத்தையே தீயில் உருக்கி மூடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தார். சாறு கெடவில்லை. இதை அவர் 1765-இல் வெளியிட்டார்.

இடையில் புகுந்தார் வோல்டேர். நீடத்தை 'அயர்லாந்து இயேசு சபையார்' என்று ஏளனம் செய்தார். நீடம் அயர்லாந்தினரும் அல்லர், இயேசு சபையினரும் அல்லர். உயிர் தானே தோன்றுமாயின் படைத்தவன் எதற்கு என்று நாத்திகர் கேட்பரே என்பது வோல்டேரின் அச்சம். குருவைக் கண்டித்து இறைவனுக்காக வோல்டேர் பரிந்து பேசிய விந்தை இது!

நீடம் தோற்றார் என்று எழுதிவிடுவது எளிது. "கடுங்கொதிப்பு வளர்ப்பாற்றலை அழித்தது, உள்ளிருந்த காற்றையும் கெடுத்தது" என்ற அவரது மறுப்பு வெறும் பிடிவாதமன்று. நெடுநேரம் கொதித்த சாற்றிலும், குப்பியை இறுக மூடாவிடில், உயிர்கள் தோன்றுவதைக் காட்டி அதன் முற்பாதிக்கு 1776-இல் ஸ்பலன்சானி விடையளித்தார். காற்றைப் பற்றிய பிற்பாதியோ தீரவில்லை. பின்னாளில் ஆப்பேர் என்பவர் புட்டிகளில் அடைத்துக் காத்த உணவை கே-லுசாக் ஆராய்ந்தபோது, உள்ளே ஆக்சிஜன் இல்லாமை கண்டார்; நீடத்தின் கேள்வி மீண்டும் உயிர்பெற்றது.

லூயி பாஸ்டர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்னத்தின் கழுத்தென வளைந்த குழாயுடைய குப்பிகளைப் பயன்படுத்தினார். காற்று தடையின்றி நுழைந்தது, தூசி வளைவிலேயே தங்கிற்று, சாறு கெடவில்லை. பிரெஞ்சு அறிவியல் கழகம் 1862-இல் அவருக்குப் பரிசளித்தது. அவரை எதிர்த்த பூஷே பயன்படுத்தியது வைக்கோல் ஊறிய நீர். அதிலுள்ள நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை என்பதை ஃபெர்டினாண்ட் கோன் 1876-இல்தான் விளக்கினார்.