குடும்ப வரலாறு தேடுவோருக்கு இலவச இயங்கலை உரைகள்

குடும்ப வரலாற்றைத் தேடும் வழிமுறைகளைச் சொல்லித்தரும் உரைகள் பல இன்று கட்டணமின்றி இயங்கலையில் கிடைக்கின்றன. அவற்றில் பெரியது ‘ரூட்ஸ்டெக்’ மாநாடு. அமெரிக்காவின் ‘ஃபேமிலிசர்ச்’ அமைப்பு 2011-இல் தொடங்கிய இம்மாநாடு, 2021-இல் கோவிட் தொற்றின்போது முழுவதும் இயங்கலைக்கு மாறி இலவசமானது. முடிந்த உரைகள் பலவற்றைப் பிறகும் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் வரலாறு சார்ந்த இலவச உரைகளை நடத்துகிறது.

இத்தகைய அனைத்துலக உரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். குடும்பப் பெயரைக் கொண்டு தேடவே கற்றுத்தரும். தமிழர்களிடமோ தகப்பன் பெயரே உடன் வருகிறது; அது தலைமுறைதோறும் மாறும். கிராணி காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே கோவிந்தசாமியின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாகப் பதிவாகியிருக்கலாம். எனவே பெயரை மட்டும் நம்பாமல் ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நத்தாலுக்குச் சென்றோரின் கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயரும் ஊரும் பதிவாகின. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. பின்னர் கங்காணி வழியாகப் பலர் வந்தனர். 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. கங்காணி வழி வந்தவர்களின் தடயம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் திரட்ட வேண்டியவை:

- பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்கள், பழைய அடையாள அட்டை, கடப்பிதழ்.
- ஊரிலிருந்து வந்த கடிதங்கள். உறையிலுள்ள அஞ்சல் முத்திரை ஊரைக் காட்டும்.
- குலதெய்வக் கோயிலின் பெயரும் இடமும்.
- தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும், மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரும். அரசாங்க ஏடுகளில் ஆங்கிலப் பெயரே இருக்கும்.
- வந்த கப்பல். ‘ரஜூலா’ 1973 வரை ஓடியது. ‘சிதம்பரம்’ என்றால் பிற்காலப் பயணம்.

அடுத்து, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களில் தேடலாம். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்வது அவசியம். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தோட்டத் தமிழர் பலருக்கு இறப்புப் பத்திரமும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர்களின் பெயர் தாத்தா பாட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது. அதை எந்தக் காப்பகத்திலும் பிறகு தேடி எடுக்க முடியாது.

திரட்டியதை இணையத்தில் ஏற்றும்போது, உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் தவிர்ப்பது பாதுகாப்பு.