ஊருணி நீரும் தோல் பதனிடலும்

ஃபிக்ஹு நூல்களில் பெரும்பாலானவை நீரிலிருந்தே தொடங்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்கப் பாடநூலாகிய அபூ ஷுஜாவின் சிறுநூலைத் திறக்கும் மாணவன் முதலில் ஓதுவது ஏழு வகை நீர்களைத்தான்: மழை, கடல், ஆறு, கிணறு, ஊற்று, பனி, ஆலங்கட்டி. ஏறத்தாழ 200 லிட்டராகிய இரண்டு குல்லத்தை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் மாறாத வரை அது தூயதே என்பது அடுத்து வரும் சட்டம்.

வற்றாத ஆறு இல்லாத செட்டிநாட்டில் இப்பாடத்தை விளக்க ஊருணியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. நகரத்தார் வீடுகளின் ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே வரத்துக்காலில் சேர்ந்து ஊருணியை அடையும். குடிப்பதற்கு ஓர் ஊருணி, குளிப்பதற்கு வேறோர் ஊருணி என்று பிரித்து வைத்த ஊர்கள் பல. குடிநீர் ஊருணியில் துணி துவைப்பதும் கால் கழுவுவதும் கூடாது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று நாம் கிதாபில் ஓதுகிறோம். இவ்வூரார் அதையே ஊர்க் கட்டுப்பாடாகக் காத்துவந்தனர். குழாய் நீர் வந்தபின் அக்காவல் தளர்ந்தது. இன்று சாக்கடை கலக்கும் ஊருணிகளும் உண்டு. அத்தகைய நீரில் உளூச் செய்யலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நிறமும் மணமும் நஜீஸால் மாறிவிட்ட பின் கூடாது என்பது எளிய விடை.

எளிதில் விடை கிடைக்காத வழக்கு ஒன்று தமிழகத்தின் வடபகுதியில் இருக்கிறது. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் தொழில் நம் சமுதாயத்தார் பலரின் வாழ்வாதாரம். பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கிவிடும் என்பது நபிமொழியின் வழிவந்த சட்டம். முற்காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்டனர். குரோமிய உப்பால் பதனிடும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது. எனினும் அது பரவலானது, 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்த பிறகுதான். குரோமியத்தோடு உப்பும் சேர்ந்துகொண்டது. பச்சைத் தோல் அழுகாதிருக்கக் கடலுப்பு இடுவார்கள். ஊறவைக்கும்போது அது அத்தனையும் கழிவுநீரில் இறங்கும். 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் கரைந்த உப்பை வழக்கமான சுத்திகரிப்பு நீக்குவதில்லை.

இங்கேதான் நம் பாடநூல் நம்மைத் திகைக்க வைக்கிறது. நீரிலிருந்து விளைந்த உப்பு கலந்து நீர் மாறினால் அதன் தூய்மையாக்கும் தன்மை கெடாது, மலையுப்பால் பெரிதும் மாறினாலே கெடும் என்பது ஷாஃபிஈ நூல்களின் நுட்பமான பாகுபாடு. தோலில் இடுவதோ கடலுப்பு! ஆக, தென்னையைக் கருகவைக்கும் கிணற்று நீரிலும், உப்பை மட்டும் கருதினால், உளூ நிறைவேறும். சட்டத்தில் பிழையில்லை, நாம் தவறான பாடத்தில் விடை தேடுகிறோம். தஹாரத் பாடம் தொழுகையைப் பற்றியது. அயலான் கிணற்றைப் பற்றிய பாடம் வேறு.

அது உதுமானியர் 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹிலிருந்து தொகுத்த மஜல்லாவில் தெளிவாக இருக்கிறது. ஒருவருடைய கிணற்றுக்கு அருகே மற்றவர் கழிவுக்குழியோ சாக்கடையோ அமைத்து அந்நீர் கெட்டால் தீங்கு நீக்கப்பட வேண்டும். நீக்க வழியே இல்லையெனில் குழியை மூடிவிட வேண்டும் என்கிறது அதன் 1212ஆம் பிரிவு. மஜல்லா இந்தியாவில் ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை. ஆனால் அதன் ஊற்றாகிய ஹனஃபி மத்ஹபே பாலாற்றங்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோரின் மத்ஹபு.

அந்தத் தீர்ப்பை வழங்கியது தாருல் இஃப்தா அன்று, உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று விதித்து, ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் இட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதையும், திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஆய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்ததையும் அத்தீர்ப்பு குறிக்கிறது. திண்டுக்கல் நமக்கு அதிகத் தொலைவிலில்லை. பின்னர் அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

ஆலைகளை மூடினால் பட்டினி கிடக்கப்போவது கூலித் தொழிலாளியே என்ற வாதம் அன்றும் எழுந்தது. அதை அலட்சியப்படுத்த இயலாது. ஆனால் மஜல்லாவும் முதலில் மூடச் சொல்லவில்லை, தீங்கை நீக்கத்தான் சொல்கிறது. நீக்குவதற்கு நமக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்பளித்து, எஞ்சிய இழப்பீட்டை அரசே வழங்கி, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.