அக்கா கல்யாணத்துக்கு வந்த தங்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. அவர்கள் சத்தம் போடுவார்கள், புத்தகத்தைக் கிழிப்பார்கள் என்ற பயம். அந்தக் கதவை முதலில் திறந்தவர்களில் ஒருவர் ஆன் கரோல் மூர். 1896-ல் புரூக்ளினின் பிராட் நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே அமைத்த அறைக்குப் பொறுப்பேற்ற அவர், 1906-ல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கே தலைவரானார். கிளை நூலகங்களில் கதை சொல்லும் நேரம் வழக்கமாயிற்று. மெழுகுவத்தி ஏற்றிக் கதையைத் தொடங்குவார்கள். முடிந்ததும் பிள்ளைகள் மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு அதை ஊதி அணைப்பார்கள். எல்லாம் அழகாகத்தான் நடந்தது, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கு! மற்றவர்களுக்கும் அங்கே இடம் பிடித்துக் கொடுக்க ஒரு பெண் கப்பலேறி வர வேண்டியிருந்தது. அவர் வந்த காரணத்துக்கும் நூலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவு 1898 முதல் அமெரிக்காவின் கையில் இருந்தது. 1917-ல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது. பிழைப்புத் தேடி நியூயார்க்குக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் பெருகினார்கள். பூரா பெல்பிரே அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. சீத்ரா என்ற ஊரில் பிறந்து, ஆசிரியை ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். 1920-ல் அக்கா எலிசாவின் கல்யாணம் நியூயார்க்கில் நடந்தது. அதற்காகக் கிளம்பியவர், கல்யாணம் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. படிப்பு பாதியில் நின்றது. துணி தைக்கும் தொழிலில் வேலைக்குச் சேர்ந்தார். வாழ்க்கை அதே தடத்தில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே சமயம் நியூயார்க்கில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் 135-வது தெருக் கிளை நூலகத்தில் எர்னஸ்டின் ரோஸ் என்ற நூலகர் யோசித்துக்கொண்டிருந்தார். முன்பு புலம்பெயர்ந்த யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வேலை பார்த்தவர் அவர். நூலகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களில் ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால்தான் மற்றவர்கள் தயங்காமல் படியேறுவார்கள் என்பது அங்கே அவர் கற்ற பாடம். ஹார்லெமுக்கு வந்ததும் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்தார். பின்னாளில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்ற நெல்லா லார்சன் அங்கே வேலை பார்த்தவர்தான். அக்கம்பக்கத் தெருக்களில் ஸ்பானிய மொழி கேட்கத் தொடங்கியதும் ரோஸ் அந்த மொழி பேசும் பெண்ணைத் தேடினார். 1921-ல் பெல்பிரே அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகம் வேலைக்கு எடுத்த முதல் புவேர்ட்டோ ரிக்கோப் பெண் அவர். புத்தகங்களை அடுக்கும் அந்த எளிய வேலையில்தான் அவர் கண்ணில் ஒன்று உறுத்தியது.

நாடோடிக் கதைகளின் அலமாரியில் எத்தனையோ நாடுகளின் கதைகள் இருந்தன. புவேர்ட்டோ ரிக்கோவின் கதை ஒன்றுகூட இல்லை. பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த கதைகளெல்லாம் அவர் நினைவில் பத்திரமாக இருந்தன, அச்சில்தான் எங்கேயும் இல்லை. அவற்றைத் தானே சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கதை நேரத்தில் சொல்லும் கதை அச்சான புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது நூலகத்தின் நடைமுறை!

இருபதுகளின் நடுவில் பெல்பிரே நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கதை சொல்லும் கலைக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. நடத்தியவர் மேரி கூல்ட் டேவிஸ். அந்த வகுப்புக்காக பெல்பிரே எடுத்துக்கொண்டது ஒரு கரப்பான்பூச்சியின் கதை.

கரப்பான்பூச்சியின் பெயர் மார்ட்டினா. வீடு பெருக்கும்போது அவளுக்கு ஒரு காசு கிடைக்கிறது. அதில் பவுடர் வாங்கி, முகத்தில் பூசிக்கொண்டு, அலங்காரமாக வெளியே வந்து உட்காருகிறாள். பூனை வருகிறது, சேவல் வருகிறது, ஆளாளுக்குப் பெண் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு எப்படிப் பேசுவாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். அவர்கள் போட்டுக் காட்டும் சத்தத்தில் நடுங்கிப்போய், வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறாள். மென்மையாகப் பேசியவன் பெரெஸ் என்ற எலி ஒருவன்தான். கல்யாணம் நடக்கிறது. கிறிஸ்துமஸ் வருகிறது. மார்ட்டினா அவனுக்காக பாதாம் போட்டு இனிப்புச் சோறு சமைக்கிறாள். வாசனை இழுக்க, கொப்பரையின் விளிம்பில் ஏறி எட்டிப் பார்க்கிற பெரெஸ் உள்ளே விழுந்துவிடுகிறான். அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் யாரும் வந்து அவனைக் காப்பாற்றுவதில்லை. சிரிக்கச் சிரிக்க வளர்கிற கதை அழுகையில் முடிகிறது. பாட்டிகள் அப்படித்தான் சொன்னார்கள், பெல்பிரேயும் அதை மாற்றவில்லை. குழந்தைகளின் மனத்தைக் குறைத்து எடைபோடாத அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

கதை எடுபட்டது. அச்சேறாத கதைகளைச் சொல்ல அவருக்கு மட்டும் தனி அனுமதி கிடைத்தது. 1932-ல் ‘பெரெஸும் மார்ட்டினாவும்’ புத்தகமாகவும் வந்தது. அதற்குள் அவர் இடம் மாறியிருந்தார். தெற்கு ஹார்லெமில் புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பங்கள் பெருகவே, 1929-ல் 115-வது தெருக் கிளைக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். வேறொரு தடை அங்கே காத்திருந்தது.

நூலகம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கான இடம் என்று அந்தத் தெருக்களில் பலர் நினைத்திருந்தார்கள். வாசலில் பலகை வைத்துத் தீர்க்கிற விஷயமா இது? பெல்பிரே மேஜையை விட்டு எழுந்து வெளியே போனார். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களின் சங்கக் கூட்டங்களில் போய் உட்கார்ந்தார், நூலகத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் மொழியிலேயே சொன்னார். ஸ்பானியப் புத்தகங்களை வாங்க வைத்தார். கதை நேரத்தை ஆங்கிலம், ஸ்பானியம் என்று இரண்டு மொழியிலும் நடத்தினார். அதன் பலன் கதை கேட்கிற பிள்ளைகளோடு நிற்கவில்லை. மொழி புரிந்ததால் பெற்றவர்களும் கூடவே வந்தார்கள். தீவில் ஜனவரி 6-ம் தேதி கொண்டாடும் மூன்று ராஜாக்கள் திருநாள் நூலகத்துக்குள்ளேயே நடந்தது. மெக்சிகோவின் பெரும் ஓவியர் டியகோ ரிவேராகூட அந்தக் கிளைக்கு வந்து போனார். புத்தகம் இரவல் கொடுக்கும் கட்டடம் ஊர்க்கூடமாக மாறிக்கொண்டிருந்தபோது, கதைசொல்லியே விடைபெற்றுவிட்டார்.

1940-ல் சின்சினாட்டியில் நடந்த அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில், ஸ்பானியம் பேசும் மக்களிடையே தான் செய்த பணிகளைப் பற்றிப் பேசப் போயிருந்தார். அந்தப் பயணத்தில் கிளாரன்ஸ் கேமரன் வைட் என்ற கறுப்பின வயலின் கலைஞரைச் சந்தித்தார். 1943-ல் கல்யாணம். பிறகு நூலக வேலையை விட்டுக் கணவரோடு பயணம், எழுத்து என்று ஆண்டுகள் ஓடின. 1960-ல் வைட் இறந்தார்.

அதன் பிறகுதான் பெல்பிரே மறுபடி நூலகத்துக்குள் வந்தார், இந்த முறை ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்கான தனி வல்லுநராக. நகரத்தில் எங்கெல்லாம் ஸ்பானியம் பேசும் குடும்பங்கள் இருந்தனவோ அங்கெல்லாம் போய்க் கதை சொன்னார். 1968-ல் ஓய்வு பெற்றார். அதுவும் நீடிக்கவில்லை. நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் குடும்பங்களிடம் நூலகத்தைக் கொண்டுபோகும் திட்டம் ஒன்று அவரைக் கூப்பிட்டது. வயது ஏறியிருந்தும் மறுக்கவில்லை. பொம்மலாட்டம் அவருக்குப் பழக்கமான கலை. கையில் பொம்மைகளோடு கிளம்பிவிட்டார்.

1982 ஜூலை 1-ம் தேதி அவர் காலமானார். இன்றைக்கு அமெரிக்க நகரங்களில் கிளை நூலகத்தின் மாத நிகழ்ச்சி நிரலை எடுத்தால், இருமொழிக் கதை நேரம், பொம்மலாட்டம், திருநாள் கொண்டாட்டம் எல்லாம் வரிசையாக இருக்கும். பிள்ளையை இழுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே வருகிற தாய்க்கு, இதெல்லாம் நூலகத்தோடு சேர்ந்தே பிறந்தவை என்றுதான் தோன்றும். 135-வது தெருவில் வேலைக்குச் சேர்ந்த ஒரு உதவியாளர் முன்நின்று உண்டாக்கிய வழக்கம் இது.

1996-ல் அவர் பெயரில் ஒரு விருது தொடங்கியது. லத்தீன் அமெரிக்க வேர்களைக் கொண்ட வாழ்க்கையைக் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் தரப்படும் விருது. எழுத்துக்காக அதை முதலில் பெற்ற ஜூடித் ஓர்ட்டிஸ் கோஃபரும் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, சிறுமியாக அமெரிக்காவுக்கு வந்தவர்தான்.