தகரப் பெட்டிக்குள் ஒரு சானல்

பழவங்காடி என்றால் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் கணபதி கோயில்தான். பத்மநாபபுரத்தில் இருந்த திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் இங்கே மாறி வந்தபோது கூடவே வந்த பிள்ளையார். இன்றைக்கும் கோயிலை நடத்துவது இந்திய ராணுவம். கடை திறந்தாலும், வண்டி வாங்கினாலும், பிள்ளைகள் பரீட்சைக்குப் போனாலும் இங்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மறு வேலை. அந்தத் தேங்காய்ச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆசானின் ரேடியோ ரிப்பேர்க் கடை இருந்தது. தக்கலையிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கேதான் நான் தொழில் படித்தேன்.

நம் நாட்டில் வீடியோ கேம் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறவர்கள் கம்பெனிப் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். அது பாதி வரலாறுகூட இல்லை என்பது என் கட்சி. எங்கேயோ, எந்த டி.வி.க்காகவோ செய்த பெட்டியை நம் டி.வி.யில் ஓட வைத்தவர்கள் ரிப்பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இப்போது பையன்கள் பழைய கேம் பெட்டியை வீட்டிலேயே செய்கிறார்கள். கடையில் ரெடியாகக் கிடைப்பதற்கு எதற்கு இத்தனை பாடு என்று பெற்றவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இந்த மேசையின் கதையைத்தான்.

திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் மகாராஜா காலத்திலேயே, 1943-ல் வந்துவிட்டது. 1950-ல் அது ஆல் இந்தியா ரேடியோவின் கைக்குப் போனது. நிலையம் வந்தாலும் மர்ஃபியும் பிலிப்ஸும் எல்லோருக்கும் எட்டவில்லை. எட்டாதவர்களுக்கு அசெம்பிள் செட். காயில், கேங் கண்டென்சர், ஸ்பீக்கர் என்று தனித்தனியாக வாங்கி, சாலைக் கடைத்தெருவில் ஆசாரியிடம் மரப்பெட்டி சொல்லிச் செய்து, உள்ளே சேசிஸைப் பொருத்திக் கொடுப்பார் ஆசான். அப்போது தபால் ஆபீசில் கட்ட வேண்டியிருந்த ரேடியோ லைசென்ஸ் இந்த செட்டுக்கும் இருந்தது. வாங்கிப் போனவர்கள் யாரும் அதை மட்டமான ரேடியோ என்று நினைத்ததில்லை. திறந்தால் உள்ளே எது எங்கே இருக்கிறதென்று செய்தவருக்குத் தெரியும், பழுதானால் அவரிடமே கொண்டுவரலாம். கம்பெனி ரேடியோவுக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து வந்த டி.வி. எங்கள் தொழிலையே புரட்டிப்போட்டது. பிறகு டி.வி.யும் செய்த கெல்ட்ரான் 1973-ல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் இதே ஊரில் தொடங்கியிருந்தது. ஒரு மாநில அரசு நடத்திய முதல் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அது. 1985 ஜனவரி 1 அன்று இங்கிருந்து தூர்தர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியதும் தெருவுக்கு ஒன்றாக இருந்த ஆன்டெனா வீட்டுக்கு ஒன்றாகியது. இன்னொரு பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களின் பெட்டிகள். டேப் ரெக்கார்டர், வி.சி.ஆர்., மிக்சி, அவற்றோடு எப்போதாவது ஒரு ஜப்பான் கேம் பெட்டி.

முதன்முதலாக எங்கள் மேசைக்கு வந்த ஜப்பான் பெட்டி நின்டெண்டோவின் ஃபேமிகாம். 1983-ல் ஜப்பானில் இறங்கியது. சிவப்பும் வெள்ளையும் கலந்த உடல், பெட்டியோடு சேர்த்தே கட்டிய இரண்டு கன்ட்ரோலர். கொண்டுவந்தவர் துபாயில் வேலை பார்த்த ஒரு சேட்டன். பெட்டி அவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததென்று நாங்கள் கேட்கவில்லை. அடாப்டர் ஏற்கெனவே கருகியிருந்தது. அது ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் இருப்பதோ 230. அதைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளூர் எலிமினேட்டர் ஒன்றை, பிளஸ் மைனஸை மாற்றிக் கட்டி ஆசான் கொடுத்தார். ஃபேமிகாமின் பின்னில் மைனஸ் நடுவில் இருக்கும். அதைப் பார்க்காமல் சொருகினால் தொலைந்தது.

கரன்ட் வந்தது. படம் வரவில்லை. அந்தப் பெட்டியின் பின்புறத்தில் ஈயம் வைத்து மூடிய ஒரு சின்ன தகரக் கூடு இருக்கிறது. அதுதான் மாடுலேட்டர். கேமின் படத்தையும் சத்தத்தையும் எடுத்து, ஒரு டி.வி. நிலையம் அனுப்புவது போன்ற அலையாக மாற்றி ஆன்டெனா வயரில் விடுவது அதன் வேலை. ஜப்பானின் முதல் இரண்டு சானல்கள் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. நம் டி.வி.யின் கீழ்ப் பேண்டு 47-ல் தொடங்கி 68-ல் முடிந்துவிடும். நிலையம் இருக்கும் இடத்தில் நம் டி.வி.க்குக் காதே இல்லை. ஆசான் தகரத்தின் மூடியை எடுத்து, ஆசிலேட்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு சின்ன கண்டென்சரை வைத்துப் பற்றவைத்து, அலையைக் கீழே இறக்கி நான்காம் சானலுக்குக் கொண்டுவந்தார். திரையில் படம் மேலும் கீழும் உருண்டது. ஜப்பான் படம் நொடிக்கு 60 தடவை, நம்முடையது 50. வெர்டிகல் ஹோல்டைத் திருகி அதை நிறுத்தினோம். கறுப்பு வெள்ளையில் மாரியோ நின்றான்.

"படம் வந்தாச்சுல்லா ஆசானே, பொறவென்ன?" என்றேன்.

"படம் வந்தா ஆச்சா மக்கா? சத்தமில்லாம பிள்ளைகள் எப்பிடி விளையாடும்?"

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். காரணம் அவருக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது. ஜப்பான் முறையில் படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, நம் முறையில் 5.5. டி.வி. சத்தத்தைத் தேடும் இடம் வேறு, பெட்டி அதை வைத்திருக்கும் இடம் வேறு. சத்தக் காயிலின் கண்டென்சரை எடுத்துவிட்டு அதில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்புள்ள இன்னொன்றைப் போட்டார். பிறகு பிளாஸ்டிக் ஸ்குரு டிரைவரை எடுத்துக் காயிலுக்குள் இருக்கும் ஃபெரைட் கோரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். இரும்பு டிரைவர் பக்கத்தில் போனாலே காயிலின் கணக்கு மாறிவிடும், அதனால் பிளாஸ்டிக். இரைச்சல் மெலிந்தது, அதற்குள்ளிருந்து ஏதோ மேளச்சத்தம் போல ஒன்று எழும்பியது, இன்னும் ஒரு துளி திருப்பியதும் பாட்டு சுத்தமாக வந்து நின்றது. சேட்டனின் பையன் துள்ளிக் குதித்தான். ஃபேமிகாமைச் செய்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு ஊரில், அவர்களின் பெட்டி இரண்டாம் தடவை செய்யப்பட்டது என்றே அதை நான் சொல்வேன்.

பல வருஷம் கழித்து ரால்ஃப் பேரைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. வீட்டு டி.வி.யில் விளையாடும் பெட்டியை முதலில் செய்தவர் அவர். 1938-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குத் தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பையன். தபால் வழியில் ரேடியோ ரிப்பேர் படித்து, நியூயார்க்கில் சில வருஷம் ரேடியோ ரிப்பேர் செய்தே பிழைத்தவர். 1966-ல் நியூயார்க்கில் ஒரு பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது அவருக்கு யோசனை தட்டியது. அமெரிக்க வீடுகளில் கோடிக்கணக்கான டி.வி. இருக்கிறது, அதில் காலியாகக் கிடக்கும் ஒரு சானலில் விளையாட்டை ஏன் விடக்கூடாது? 1968-ல் அவரும் கூட்டாளிகளும் செய்து முடித்த மாதிரிப் பெட்டியின் மேல் மர நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதனால் அதற்கு பிரவுன் பாக்ஸ் என்று பெயர். 1972-ல் மேக்னவாக்ஸ் ஒடிசி என்று கடைக்கு வந்தது அதுதான். யோசனையின் ஆணிவேரே மாடுலேட்டர். ரேடியோ ரிப்பேர்காரர் கண்டுபிடித்த சாமானை உலகமெங்கும் ரேடியோ ரிப்பேர்காரர்கள் சரிசெய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1976-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி, ஸ்காட்லாந்திலுள்ள கிளென்ரோத்ஸில் உருவாக்கிய ஏ.ஒய்.-3-8500 சிப்பை வெளியிட்டது. 28 கால். டென்னிஸ், ஃபுட்பால், ஸ்குவாஷ் என்று ஆறு விளையாட்டு அந்த ஒற்றைச் சிப்புக்குள். பந்துக்கு ஒரு கால், இடது ஆட்டக்காரருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, ஸ்கோருக்கு ஒன்று. இவற்றை ஒன்றாகச் சேர்த்து மாடுலேட்டரில் விட்டால் வேலை முடிந்தது. கடையில் விற்ற பெட்டிகளுக்குள் இருந்ததும் இதுதான், பல நாடுகளில் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை படித்துவிட்டு வீட்டு மேசையில் செய்தவர்கள் வாங்கியதும் இதுதான். வாங்குவதற்கும் செய்வதற்கும் நடுவே அப்போது சுவரே இல்லை.

எங்கள் கடையில் கூட்டம் கூடியது 1990-களில். நின்டெண்டோ அப்போது இந்தியாவில் நேராகக் கடை விரிக்கவில்லை. வந்தவை எல்லாம் ஃபேமிகாமின் நகல்கள். ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர். இங்கே லிட்டில் மாஸ்டர், இன்னும் எத்தனையோ. ஜனங்கள் எல்லாவற்றையும் டி.வி. கேம் என்றே சொன்னார்கள். 60 பின் கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சடித்திருக்கும். சொருகினால் சில கேம்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

பழுதுகளும் அப்படித்தான், சிலவே திரும்பத் திரும்ப. கன்ட்ரோலரின் வயர் கழுத்தில் அறுந்திருக்கும். ரப்பர் பொத்தானின் கார்பன் தேய்ந்திருக்கும், 7805 ரெகுலேட்டர் சூடாகிச் செத்திருக்கும். கேசட்டின் காலில் பச்சை பிடித்திருந்தால் ரப்பர் போட்டுத் தேய்ப்போம். மழைக்காலத்தில் தம்பானூரும் பழவங்காடியும் முழங்கால் தண்ணீரில் நிற்கும், அப்போது தரையில் வைத்திருந்த சாமானெல்லாம் நனையும். 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று ஓடைகளைத் தோண்டித் தூர்வாரும்வரை அது வருஷா வருஷம் நடந்தது. இதையெல்லாம் சமாளித்தோம். சமாளிக்க முடியாமல் போனது கறுப்புப் பொட்டு. முதலில் வந்த பெட்டிகளில் சிப்புகள் தனித்தனியாக, எண் போட்டு இருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரே சிலிக்கானில் அடக்கி, போர்டின் மேல் வைத்து, கறுப்புப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். எண்ணும் இல்லை, காலும் இல்லை. அது போனால் பெட்டியே போயிற்று. விலை இறங்கியதற்கு அந்தப் பொட்டுதான் காரணம். எங்கள் தொழிலை அரித்ததும் அதுதான்.

இந்த நகல்களில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை யாரும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை. ஜப்பான் பெட்டியில் ஒரு ஃபிரேமுக்கு 262 கோடு, நம் டி.வி.க்கு ஏற்ற பால் (PAL) முறைப் பெட்டியில் 312. ஜப்பான் கேமை அப்படியே நம் டி.வி.யில் ஓட்டினால் அதன் நேரக்கணக்கு குலையும். தைவானின் யு.எம்.சி. கம்பெனி பால் நாடுகளுக்கென்று செய்த படச் சிப், மிச்சமுள்ள 50 கோட்டின் நேரத்தை வெறுமனே கழித்துவிட்டு, அதன் பிறகே அடுத்த ஃபிரேமுக்கு கேமைக் கூப்பிட்டது. கேம் தடுமாறாமல் ஓடியது, நம் டி.வி.யில் கலரும் வந்தது. ஆனால் நொடிக்கு 60 அடிக்குப் பதில் 50 அடி என்பதால் பாட்டின் நடை ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது. சுருதி ஏறக்குறைய அப்படியே, காலப்பிரமாணம் மட்டும் தாழ்ந்தது. நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு ஜப்பான் பிள்ளைகள் கேட்டதைவிட மெதுவானது. பிறருடைய சரக்கை அனுமதி இல்லாமல் நகல் எடுத்தார்கள் என்பது உண்மை, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த 50 கோட்டுக் காத்திருப்பை யோசித்த எஞ்சினியர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மொபைல் வந்தது, பிக்சர் டியூப் டி.வி. போனது. ஆசானும் போய்ச் சேர்ந்தார். ரிப்பேர் மேசைகள் ஒவ்வொன்றாக மொபைல் கவர் விற்கும் கடையாகின. ஊருக்குள் வேறொன்று வளர்ந்ததை நாங்கள் தாமதமாகத்தான் பார்த்தோம். 2001-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்து சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பாடமாயிற்று. 2012-ல் 35 டாலர் விலையில் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வெளிவந்தது. சில வருஷத்தில் கேரள அரசே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் போர்டைக் கொடுத்தது. அப்படி வாங்கிய பிள்ளைகளில் சிலர் பொத்தான் தேடி என்னிடம் வந்தார்கள். "மாமா, இதை பழைய டி.வி.யில் குத்த முடியுமா?" என்று கேட்டவன்தான் என்னை மறுபடி மேசையில் உட்காரவைத்தான்.

முடியும். 3.5 மில்லிமீட்டர் ஓட்டையும் 40 பின்னும் உள்ள ராஸ்பெர்ரி பை போர்டுகளில், அந்த ஓட்டையிலேயே சத்தத்தோடு படமும் வருகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா ஏ.வி. கேபிளும் ஒத்துவராது. இதில் படம் அடிக்கம்பத்தில், கிரவுண்டு அதற்கு முந்தின வளையத்தில். இடம் மாறிய கேபிளைக் குத்தினால் திரையில் வெறும் கோடுகள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். கான்ஃபிக் கோப்பில் டி.வி. முறையை 2 என்று போட்டால் பால். பொத்தானின் ஒரு முனை கிரவுண்டில், மறு முனை 40 பின்களில் கரன்ட், கிரவுண்டு அல்லாத ஒன்றில், வேறொன்றும் வேண்டாம். பெட்டியை நாங்கள் பிளைவுட்டில் செய்கிறோம். மூடியை ஒட்டுவதில்லை, ஸ்குரு போடுகிறோம், கறுப்புப் பொட்டை மறக்காதவன் நான். கேம்களுக்கு, எழுதியவர்களே மூலநிரலோடு திறந்துவிட்டிருக்கும் நோவா தி ஸ்குரல் போன்றவற்றை முதலில் போடச் சொல்கிறேன். விளையாடி முடித்தவன் உள்ளே போய்ப் படத்தின் நிறத்தையாவது மாற்றிப் பார்ப்பான்.

துப்பாக்கி வைத்துச் சுடும் கேம் மட்டும் புது டி.வி.யில் ஓடாது. பிக்சர் டியூபில் தாமதமில்லாமல் வரும் வெளிச்சத்தைப் பார்த்தே பழைய துப்பாக்கி குறியை அறிந்தது. அதற்காகவே இரண்டு பழைய டியூப் செட்டுகளைப் பரணில் வைத்திருக்கிறேன்.

பெட்டி செய்ய உதவ வரும் பையன்களின் அப்பாக்கள் சிலர், என்னிடம் டி.வி. கேம் சரிசெய்து வாங்கிப்போனவர்கள். மகன் செய்த பெட்டியில் பாட்டைக் கேட்டுவிட்டு, இது அந்தப் பாட்டு இல்லையே, ஓடுகிறதே என்கிறார்கள். ஃபேமிகாமைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றின் அமைப்புப் பட்டியலில் என்.டி.எஸ்.சி. எனும் ஜப்பான் முறை, பால் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக டெண்டி என்று ஒன்றிருக்கிறது. யு.எம்.சி.யின் அந்த 50 கோட்டுக் காத்திருப்பை யாரோ கணக்குப் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு அவர்கள் கேட்ட நடைக்கு வந்துவிடும். பையன்களுக்கு 60 பிடிக்கிறது, அப்பாக்களுக்கு 50. இப்போது செய்கிற பெட்டிகளில் இரண்டுக்கும் நடுவே மாற்ற, முன்பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைக்கிறோம்.