கேம்ப்பும் காகிதமும்

ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே இருக்கிற இலங்கைத் தமிழர் கேம்ப் தெரியும். ஆனால் அரசியல் காற்று எதிராக வீசிய வருஷங்களில் அந்த ஜனங்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று கேட்டால் நம் குழுவில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் மலருக்கு இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களைத் தமிழ்நாடே அரவணைத்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அந்த அன்பு மாறிப்போனது. ஸ்ரீபெரும்புதூர் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. அப்போது அதுவும் நாமும் ஒரே மாவட்டம், திருவள்ளூர் மாவட்டம் 1997-ல்தான் உருவானது. கொன்றவர்கள் யாரோ, பழி மட்டும் கேம்ப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த கிழவி தலையிலும் விழுந்தது. பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் சில வருஷம் நின்றுபோனது. தொண்டு நிறுவனங்கள் கேம்ப்புக்குள் போகவும் தடை வந்தது.

1992 ஜனவரியில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். “நானாக விரும்பித்தான் போகிறேன்” என்று எழுதிக் கொடுக்கும் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்கள் பலர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஐ.நா. அகதிகள் ஆணையம் வந்து, உண்மையில் விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று விசாரிக்கும் ஏற்பாடு அந்த வருஷமே நடந்தது. நம் குழுவில் வங்கிக் கடன் படிவத்தை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று வைத்திருக்கிறோமே, சிலருக்கு அது அலுப்பாக இருக்கும். கேம்ப் ஜனங்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்த நாட்களில் அவர்களுக்குத் துணையாக நின்றது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். ‘ஓஃபர்’ என்பார்கள். தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-ல் தொடங்கியது. அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அகதிகளே. பிள்ளைகளுக்குப் படிப்பு, சத்துணவு, பெண்களுக்குச் சேமிப்புக் குழு என்று நம்மைப் போலவே சின்னச் சின்ன வேலைகள். 2004 சுனாமியின்போது கேம்ப்பிலிருந்து போய் நாகப்பட்டினத்து மக்களுக்கு ஆறுதல் சொல்லிப் பணி செய்தவர்களும் இவர்கள்தான்.

என் மனசுக்கு எல்லாவற்றிலும் பெரிய வேலை, கேம்ப்பில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது. கேட்க சாதாரணமாக இருக்கும். அப்பா அம்மா இலங்கைக்காரர்கள், பிள்ளை பிறந்தது தமிழ்நாட்டில். பிறப்பைப் பதிந்து, அதை வைத்துச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்தால்தான் இலங்கைக் குடியுரிமையாவது கிடைக்கும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. மேடையில் ஈழத்துக்காகக் கண்ணீர் விட்டவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து, பெயரில் எழுத்துப்பிழை திருத்தி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் கொஞ்சம் பேர்.

அந்தக் காகிதத்தின் பலம் 2022-ல் தெரிந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது சட்டம். மண்டபம் கேம்ப்பில் 1986-ல் பிறந்த ஒரு பெண், பிறப்புச் சான்றிதழோடு மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். சட்டம் கைவிட்ட இடத்தில் ஒரு பழைய சான்றிதழ் தூக்கிவிட்டது.

கேம்ப் கதைதானே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பெயர் தேடி நாமும் அலைந்தோம். கல்யாணமாகி ஊர் மாறி வந்த பெண்களுக்குத்தான் அதிக அலைச்சல்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சூளையிலேயே குழந்தையும் பிறக்கிறது. சீசன் முடிந்து ரயிலேறிவிட்டால் அப்புறம் யார் பதிவது? 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். சூளைப் பக்கம் இருக்கிற குழுக்கள் மாதக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்து, யார் வீட்டில் பிரசவம் என்று கேட்டு, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடலாம். தீர்மான நோட்டில் ஒரு வரி போதும்.